ட்யூனிங்கிற்கே கைத்தட்டல்... 10 வருடம் சிக்கிக்கொண்ட பணம்! ‘தி கான்செர்ட் ஃபார் பங்களாதேஷ்’ ஆல்பத்தின் கதை

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். 1971 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. மேடையில் சிதாருடன் ரவிசங்கர், சரோதுடன் அலி அக்பர் கான், தபலாவுடன் அல்லா ரக்கா, தம்புராவுடன் கமலா சக்ரவர்த்தி. நான்கு பேரும் சிறிது நேரம் சுருதி சேர்க்கிறார்கள். நிறுத்தியதும் அரங்கமே கைதட்டுகிறது. வாசித்து முடித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டது கூட்டம்!

ரவிசங்கர் கோபப்படவில்லை. ட்யூனிங்கே இவ்வளவு பிடித்திருக்கிறது என்றால், வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாகச் சிரித்தபடி சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

ராக் இசை உலகில் அடிக்கடி சொல்லப்படும் இந்தச் சம்பவம் ‘தி கான்செர்ட் ஃபார் பங்களாதேஷ்’ லைவ் ஆல்பத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது. 2005-ல் இந்த ஆல்பம் ரீமாஸ்டர் செய்யப்பட்டு மறுபடியும் வந்தது. இன்று ஹெட்ஃபோனில் கேட்டால் அந்தக் கைத்தட்டல் பக்கத்து சீட்டிலிருந்து வருவது போல இருக்கும்.

ஆனால், ரீமாஸ்டரிங்கால் சரிசெய்ய முடியாத ஒரு விஷயமும் இந்த ஆல்பத்துக்குப் பின்னால் இருக்கிறது. பட்டினியில் கிடந்த குழந்தைகளுக்காக 1971-ல் பாடிச் சேர்த்த பணத்தின் பெரும்பகுதி போய்ச் சேரவே சுமார் 10 வருடங்கள் ஆனது. ஏன்? அதில் யார் தவறு? விரிவாகப் பார்க்கலாம்.

எதற்காக இந்த கான்செர்ட்?

1970 நவம்பரில், அப்போது கிழக்கு பாகிஸ்தானாக இருந்த பகுதியைப் போலா புயல் தாக்கியது. 3 லட்சம் முதல் 5 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது கணக்கு. பதிவான புயல்களிலேயே அதிக உயிர்களைப் பறித்தது இதுதான்.

அந்தக் காயம் ஆறுவதற்குள் 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியது. மக்கள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். அந்த ஆண்டின் முடிவில் அகதிகளின் எண்ணிக்கை சுமார் 1 கோடி. முகாம்களில் இடமில்லை, மருந்தில்லை. மழைக்காலத்தில் காலராவும் சேர்ந்துகொண்டது.

ரவிசங்கருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அவர் வங்காளக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய குரு அலாவுதீன் கான் பிறந்த மண்ணே இன்றைய பங்களாதேஷில்தான் இருக்கிறது. அந்த குருவின் மகன்தான் மேடையில் சரோத் வாசித்த அலி அக்பர் கான்.

அப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ரவிசங்கர், தன் நண்பரும் சிஷ்யருமான ஜார்ஜ் ஹாரிசனிடம் விஷயத்தைச் சொன்னார். ஒரு நிகழ்ச்சி நடத்தி 25,000 டாலர் திரட்டினால்கூடப் போதும் என்பதுதான் அவர் மனதில் இருந்த கணக்கு.

ஹாரிசன் யார்? பீட்டில்ஸ் இசைக்குழுவின் கிதார் கலைஞர். குழு 1970-ல் உடைந்திருந்தது. அடுத்து அவர் தனியாக வெளியிட்ட ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ ஆல்பம் உலகமெங்கும் ஹிட். அவர் கூப்பிட்டால் வர ஆட்கள் இருந்தார்கள். போனை எடுத்தார்.

ஐந்தே வாரம்... யார் யாரெல்லாம் வந்தார்கள்?

சுமார் 5 வாரங்களில் எல்லாம் நடந்தது. வாட்ஸ்அப் குரூப் இல்லாத காலம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் போட்டுத்தான் பேச வேண்டும்.

பீட்டில்ஸ் நண்பர்களில் ரிங்கோ ஸ்டார் உடனே சரி என்றார். பால் மெக்கார்ட்னி மறுத்துவிட்டார். குழு உடைந்த சட்டச் சிக்கல்கள் அப்போது உச்சத்தில் இருந்தன. ஜான் லெனனும் கடைசியில் வரவில்லை.

எரிக் கிளாப்டன் வந்தார், ஆனால் போதைப் பழக்கத்தின் பிடியில் இருந்தார். பெரும்பாலான ஒத்திகைகளுக்கு அவர் வரவில்லை. நிகழ்ச்சியில் வாசிப்பாரா என்பதே கடைசி வரை சந்தேகம்தான்.

பெரிய கேள்விக்குறி பாப் டிலன். 1966-க்குப் பிறகு அவர் மேடை ஏறுவதே அரிதாகியிருந்தது. முந்தைய நாள் ஒத்திகைக்கு வந்தவர், அவ்வளவு பெரிய அரங்கத்தைப் பார்த்துப் பதறினார். ஹாரிசன் தன் கிதாரில் ஒட்டி வைத்திருந்த பாடல் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு கேள்விக்குறி இருந்தது: ‘பாப்?’

டிலன் வந்தார். கிதாரும் ஹார்மோனிகாவுமாக நின்று பாடினார். ரிங்கோ அவருக்காக டாம்பரின் தட்ட, லியோன் ரஸ்ஸல் பேஸ் வாசிக்க, ஹாரிசன் எலெக்ட்ரிக் கிதாருடன் பக்கத்தில் நின்றார்.

முதலில் ஒரே ஒரு ஷோ என்றுதான் திட்டம். டிக்கெட் பறந்துவிட்டதால் மதியம் 2.30, இரவு 8 மணி என இரண்டு ஷோ ஆனது. மொத்தம் சுமார் 40,000 பேர் பார்த்தார்கள். பல நட்சத்திரங்கள் ஒரே மேடையில் சேர்ந்து நிவாரணத்துக்காகப் பாடும் பெரிய ராக் நிகழ்ச்சிகளுக்கு இதுதான் முன்னோடி என்கிறார்கள்.

பெயரிலேயே ஒரு அரசியல்

நிகழ்ச்சியின் பெயரைக் கவனியுங்கள். 1971 ஆகஸ்டில் உலக வரைபடத்தில் ‘பங்களாதேஷ்’ என்ற நாடே கிடையாது. அமெரிக்க அரசு பாகிஸ்தான் பக்கம் நின்ற நேரம் அது. அதே அமெரிக்காவின் மிகப் பெரிய அரங்குகளில் ஒன்றில், இன்னும் யாரும் அங்கீகரிக்காத நாட்டின் பெயரைப் பேனரில் போட்டார்கள்.

அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூலை 28-ல், ஹாரிசன் அதே பெயரில் ஒரு சிங்கிள் பாடலும் வெளியிட்டார். ‘அகதிகள் பிரச்சினை’ என்று உள்பக்கச் செய்தியாக இருந்த ஒன்று, ராக் ரசிகர்களின் வாயில் ஒரு நாட்டின் பெயராக மாறியது.

1971 டிசம்பர் 16-ல் பங்களாதேஷ் விடுதலை பெற்றது. அதற்கு 4 நாள் கழித்து, டிசம்பர் 20-ல் அமெரிக்காவில் ஆல்பம் வெளியானது. பாடும்போது இல்லாத நாடு, ரெக்கார்டு கடைக்கு வரும்போது இருந்தது.

ஆல்பம் ஏன் தாமதமானது?

நிகழ்ச்சி ஆகஸ்டில் முடிந்துவிட்டது. பாடல்களை மிக்ஸ் செய்து ஆல்பத்தைத் தயார் செய்த பிறகும் அது கடைக்கு வரவில்லை. காரணம், ரெக்கார்டு நிறுவனங்களின் பேரம்.

ஒவ்வொரு கலைஞரும் ஒவ்வொரு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தார்கள். ஹாரிசனின் ஆல்பங்களை அமெரிக்காவில் விநியோகித்தது கேபிடல். டிலன் இருந்ததோ கொலம்பியாவில். எங்கள் ஆள் பாடியதற்கு எங்களுக்கு என்ன என்பது ஒரு பக்கம். தயாரிப்புச் செலவை யார் ஏற்பது என்பது இன்னொரு பக்கம். கலைஞர்கள் ஒரு டாலர்கூட வாங்காமல் வாசித்திருக்க, நிறுவனங்களும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார் ஹாரிசன்.

நவம்பரில் அவர் டிக் கேவெட்டின் டிவி ஷோவில் உட்கார்ந்து, ஆல்பத்தை முடக்கி வைத்திருக்கிறார்கள் என்று நேரடியாகவே போட்டு உடைத்தார். அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர் கேபிடல் நிறுவனத்தின் அன்றைய தலைவர் பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் பிறந்தவர். உலகின் பெரிய இசை நிறுவனங்களில் ஒன்றின் உச்சிக்குப் போன இந்தியர்.

கடைசியில் சமாதானம் ஆனது. ரெக்கார்டுகளைக் கேபிடல் விற்கும், டேப் வடிவத்தைக் கொலம்பியா விற்கும் என்று முடிவானது. கேபிடல் முன்பணமாக 37.5 லட்சம் டாலர் கொடுத்தது. ஆனால், அதற்குள் திருட்டுப் பிரதிகள் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டன.

அட்டைப்படத்திலும் பிரச்சினை. காலியான சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒட்டி உலர்ந்த ஒரு குழந்தை. இதைப் பார்த்தால் யார் வாங்குவார்கள் என்று நிறுவனம் தயங்கியது. ஹாரிசன் அசையவில்லை. எதற்காகப் பாடினோமோ அது அட்டையில் இருக்க வேண்டும் என்பது அவர் பக்கம்.

மூன்று ரெக்கார்டுகள், 64 பக்கப் புத்தகம், விலை 12.98 டாலர். அந்தக் காலத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் மக்கள் வாங்கினார்கள். பிரிட்டனில் 1-வது இடம், அமெரிக்காவில் 2-வது இடம். 1973-ல் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ பிரிவில் கிராமி விருது.

சரி, பணம் எங்கே போனது?

கதையின் முக்கியமான இடம் இதுதான். பணம் இரண்டு வழிகளில் வந்தது.

*முதல் வழி, டிக்கெட்:* இரண்டு ஷோக்களின் வசூல் 2,43,418.50 டாலர். ரவிசங்கர் நினைத்ததைப் போலக் கிட்டத்தட்ட 10 மடங்கு. அதே மாதத்தில் காசோலையாக யுனிசெஃப்புக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் சிக்கல் இல்லை.

*இரண்டாவது வழி, ஆல்பமும் படமும்:* இதில்தான் பெரிய பணம். சிக்கலும் இதில்தான்.

நிகழ்ச்சிக்கு முன்பே யுனிசெஃப் போன்ற பதிவு பெற்ற அமைப்பின் பெயரில் எல்லாவற்றையும் முறைப்படி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். 5 வார அவசரத்தில் அது நடக்கவில்லை. விளைவு? ஆல்பம் விற்ற பணம் சட்டத்தின் கண்ணில் நன்கொடை அல்ல, ஒரு நிறுவனத்தின் வருமானம். வருமானம் என்றால் வரி உண்டுதானே!

இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய உதாரணம். வெள்ள நிவாரணத்துக்காக நண்பர்களிடம் வசூல் செய்கிறீர்கள். எல்லோரும் உங்கள் சொந்த அக்கவுன்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். உங்கள் மனதில் அது நிவாரண நிதி. ஆனால், வங்கிக்கும் வரித்துறைக்கும் அது உங்கள் பணம். ‘அப்படி இல்லைங்க’ என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில். இதே கதை, கோடிக்கணக்கில் நடந்தது.

அமெரிக்க வரித்துறை வரிவிலக்கு தர மறுத்து, பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்தின் கணக்குகளைத் தோண்ட ஆரம்பித்தது. (இன்றைய ஐபோன் ஆப்பிள் அல்ல, இது பீட்டில்ஸ் தொடங்கிய நிறுவனம்.) பிரிட்டனிலும் அதே கதைதான். நிவாரண ஆல்பம் என்பதால் விற்பனை மீதான வரியை விட்டுக்கொடுங்கள் என்று ஹாரிசன் கேட்டார். நிதித்துறை முடியாது என்றது.

வழக்கறிஞர்கள், தணிக்கை, கடிதங்கள் என்று வருடங்கள் ஓடின. கோடிக்கணக்கான டாலர் முடங்கிக் கிடந்தது. அதில் பெரும் தொகை யுனிசெஃப் கைக்குப் போனது 1980களின் தொடக்கத்தில்தான். 1985 வாக்கில் மொத்தம் சுமார் 1.2 கோடி டாலர் நிவாரணத்துக்குப் போயிருந்தது.

பணம் திருடு போகவில்லை, கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஆறுதல் சொல்லலாம்தான். ஆனால், 1971-ல் முகாமில் பாலுக்கு அழுத குழந்தைக்கு 1981-ல் 10 வயதைத் தாண்டியிருக்கும், உயிரோடு இருந்திருந்தால்.

யார் தவறு?

ஒருவரைக் கைகாட்டுவது கடினம். ஹாரிசனின் எண்ணத்தைச் சந்தேகப்பட எதுவும் இல்லை. கலைஞர்கள் சம்பளம் வாங்கவில்லை. வரித்துறையும் சட்டப்படிதான் நடந்தோம் என்று சொல்லும். ஆனால், 5 வாரத்தில் டிலனையே மேடையேற்ற முடிந்தவர்களுக்கு, ஒரு ஃபைலைச் சரியான நேரத்தில் சரியான மேசைக்கு அனுப்பத் தோன்றவில்லை. அந்த ஃபைலைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிர்வாகத் தரப்பு அதைச் செய்யவில்லை.

இந்தப் பாடம் வீணாகவில்லை. 1985-ல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியை நடத்தியபோது பாப் கெல்டாஃப், ஹாரிசனிடம் ஆலோசனை கேட்டார். முதலில் பேப்பர் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள் என்பதுதான் அனுபவசாலியின் அறிவுரை.

ரீமாஸ்டர் என்றால் என்ன? 2005-ல் என்ன செய்தார்கள்?

இப்போது மறுபடியும் ஆல்பத்துக்கு வருவோம். ரீமிக்ஸ், ரீமாஸ்டர் இரண்டும் ஒன்றல்ல. பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

1971-ல் நிகழ்ச்சி 16-ட்ராக் டேப்பில் பதிவு செய்யப்பட்டது. அதாவது, 16 தனித்தனிக் கோடுகள். ஒன்றில் பாடகர் குரல், ஒன்றில் கிதார், ஒன்றில் பியானோ என்று பிரித்துப் பதிய வேண்டும். மேடையிலோ இரண்டு டிரம்மர்கள், வரிசையாக கிதார்கள், பித்தளை வாத்தியங்கள், பின்குரல் பாடும் குழு என்று கல்யாண வீட்டுக் கூட்டம். 16 கோடுகளில் அடங்குமா? பலர் ஒரே ட்ராக்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான். பாடகரின் மைக்கிலேயே பக்கத்து டிரம்ஸும் வந்து விழும்.

*மிக்ஸிங்:* இந்த 16 கோடுகளில் எது எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்து, இடது, வலது என இரண்டு கோடுகளாகச் சுருக்குவது. ஹாரிசனும் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரும் அன்று இதைச் செய்தார்கள். இதையே மறுபடியும் முதலிலிருந்து செய்தால் அது ரீமிக்ஸ்.

*மாஸ்டரிங்:* சுருக்கிய அந்த இரண்டு கோடுகளை ரெக்கார்டுக்கோ சிடிக்கோ ஏற்றபடி கடைசியாகப் பதப்படுத்துவது. அடி நாதம், மேல் நாதம், ஒட்டுமொத்த சத்தம், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லாம் இதில் அடங்கும். பழைய டேப்பை எடுத்துப் புதிய கருவிகளால் இதை மறுபடியும் செய்வதுதான் ரீமாஸ்டர்.

சிம்பிளாகச் சொன்னால், ரீமிக்ஸ் என்பது குழம்பை மறுபடியும் கூட்டி வைப்பது. ரீமாஸ்டர் என்பது வைத்த குழம்பில் உப்பு, புளியைச் சரிபார்த்து, சூடு பண்ணிப் பரிமாறுவது.

இந்த ஆல்பம் சிடியாக முதலில் வந்தது 1991-ல். ஹாரிசன் 2001 நவம்பரில் மறைந்தார். 2005 அக்டோபரில் ரீமாஸ்டர் செய்யப்பட்ட 2 சிடி பதிப்பும், நிகழ்ச்சியின் படம் டிவிடியாகவும் வந்தன. மதிய ஷோவில் டிலன் பாடியும் பழைய ஆல்பத்தில் இடம்பெறாத ஒரு பாடல் போனஸாகச் சேர்க்கப்பட்டது.

கேட்கும்போது எதைக் கவனிக்கலாம்?

ஆல்பம் மொத்தம் சுமார் 1 மணி 40 நிமிடம். அலுவலகம் போய் வரும் நேரத்தில் முடித்துவிடலாம். சில இடங்கள் மட்டும் மிஸ் பண்ணாதீர்கள்.

*‘பங்ளா துன்’:* ட்யூனிங் கைத்தட்டலுக்குப் பிறகு வரும் வாசிப்பு. சிதாரும் சரோதும் மாறி மாறிக் கேள்வி பதில் போலப் பேசிக்கொள்ள, தபலா வேகம் பிடிக்கும் இடம்.

*பில்லி பிரெஸ்டன்:* கோயில் பாட்டு போல மெதுவாக ஆரம்பித்து, வெறியோடு முடியும் பாட்டு. நடுவில் கீபோர்டை விட்டு எழுந்து மேடை முழுக்க ஆடினார். அதை யாரும் திட்டமிடவில்லை. அந்த நொடியில் கூட்டம் எழுப்பும் சத்தம் ரெக்கார்டிலேயே இருக்கிறது.

*‘ஹியர் கம்ஸ் த சன்’:* அவ்வளவு பெரிய இசைக்குழு ஒதுங்கி நிற்க, ஹாரிசனும் பேட்ஃபிங்கர் குழுவின் பீட் ஹாமும் இரண்டு கிதார்களோடு.

*ரிங்கோ:* தன் சொந்த ஹிட் பாட்டிலேயே வரிகளை மறந்து சமாளிப்பார். அதை ரீமாஸ்டரும் மறைக்கவில்லை. லைவ் ஆல்பத்தின் அழகே அதுதானே.

இன்றும் பணம் வருகிறதா?

வருகிறது. 2005 பதிப்போடு சேர்த்து ‘ஜார்ஜ் ஹாரிசன் ஃபண்ட் ஃபார் யுனிசெஃப்’ என்ற நிதியும் தொடங்கப்பட்டது. கலைஞர்களுக்குப் போக வேண்டிய ராயல்டி குழந்தைகள் நலனுக்குப் போகிறது. 1971-ல் முன்கூட்டியே செய்யாததை இந்த முறை முதலிலேயே செய்துவிட்டார்கள். பணம் யாருக்கு, எந்த அமைப்பு வழியாக என்பது முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு நிகழ்ச்சியின் டிக்கெட் பணம் ஒரே முறைதான் வரும். ஆனால், நல்ல ரெக்கார்டிங் ஒன்று இருந்தால் ஒவ்வொரு தலைமுறையும் அதை மறுபடி வாங்கும். ரீமாஸ்டர் என்பது பழைய நினைவுகளை விற்கும் வியாபாரம் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. பல ஆல்பங்களுக்கு அது உண்மையும்கூட. இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை, 2 லட்சத்துச் சொச்சம் டாலரோடு முடிந்திருக்க வேண்டிய உதவியை நீட்டித்தது ரெக்கார்டிங்தான்.

அடுத்த புயலோ வெள்ளமோ வரும்போது உங்கள் போனுக்கும் ஒரு க்யூஆர் கோடு வரும். பணம் அனுப்பும் முன் இரண்டே கேள்விகள்: அந்த அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கிறது? பணம் எந்த அமைப்பு வழியாக, எப்போது போய்ச் சேரும்? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. வசூல் செய்பவர் நல்லவர் என்பதால் இந்தக் கேள்விகள் தேவையில்லை என்று ஆகிவிடாது. ஹாரிசனும் நல்லவர்தான்.

அன்று மேடையில் ரவிசங்கர் குழுவினர் ட்யூனிங் முடித்த பிறகுதான் வாசிக்க ஆரம்பித்தார்கள். கணக்குப் பக்கம் மட்டும் அந்த ட்யூனிங் நடக்கவில்லை.